ஆறு பாகம், அடியில் சேறு

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, நாகப்பட்டினத்தில் வீட்டு பிளான் அச்சடித்துத் தரும் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஐந்தடி நீளத்துக்கு ஒரு படம் எடுத்தேன். கடையில் இருந்த பையன், "எஃப்.எம்.பி. படமாண்ணே?" என்று கேட்டான். நிலப் படம் இல்லை, கடல் படம் என்றேன். அவன் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "கடலுக்கு எதுக்குண்ணே படம்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

படம் ஒல்லாந்தர் வரைந்தது. டச்சுக்காரர்களுக்குப் பழைய தமிழில் அதுதான் பெயர். ஹாலந்தில் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் சோழமண்டலக் கரையின் படம் ஒன்று. காப்பகம் தன் சேகரிப்பில் பெரும்பகுதியை ஒளிவருடி இணையத்தில் வைத்திருக்கிறது. இரவு வெகு நேரம் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த நாட்கள் உண்டு. ஆனால் திரையில் பார்ப்பது போதவில்லை. தரையில் விரித்து, பக்கத்தில் கடல் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் பெரியப்பா வீட்டுக்கு எடுத்துப் போனேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை, திண்ணையோடு சரி.

சுருண்டுகொண்டே இருந்த தாளின் நான்கு மூலையிலும் சொம்பையும் தம்ளரையும் வைத்தோம். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "என்னப்பா இது, கரையில ஒண்ணுமே இல்ல. தண்ணியில இவ்வளவு எழுதியிருக்கான்?"

அவர் சொன்னதுதான் கடல் வரைபடத்துக்கு முதல் பாடம். நாம் பள்ளிக்கூடத்தில் பார்த்த படங்களில் நிலத்துக்குள் ஊர், ஆறு, மலை, எல்லை என்று எல்லாம் நிறைந்திருக்கும். கடல் வெறும் நீல வண்ணம். இதில் தலைகீழ். தஞ்சாவூர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுத் தோல்; மூலப் படம் தோலில் வரைந்தது. கரையோரமாக ஆற்றுமுகங்களும் கோபுரங்களும், கடலிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற அளவுக்கு மட்டும். அதற்கு வெளியே, தண்ணீரில், பொடிப் பொடியாக எண்கள். நங்கூரம் போட ஏற்ற இடங்களில் குட்டி நங்கூரங்கள். ஆபத்தான பாறைகளுக்குச் சிலுவைக் குறி, மணல் திட்டுகளுக்குப் புள்ளிகள். தாளின் நீளத்துக்குக் கரை முழுவதும் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் படத்தையே திருப்பி, கரை குறுக்காகப் படுத்திருக்கும்படி வரைந்திருக்கிறார்கள். வடக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

"இந்த நம்பர்லாம் என்ன?"

"ஆழம் பெரியப்பா. 'வாடெம்'னு ஒரு அளவு. ரெண்டு கையையும் நல்லா விரிச்சா வர்ற நீளம்."

"அப்ப பாகம்னு சொல்லு."

ஆமாம், பாகம்தான். எங்கள் கரையில் கடல் ஆழத்தைச் சொல்லும் அளவு. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டித் தண்ணீரில் விட்டு, அடி தட்டியதும் கையால் இழுக்கும்போது, ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சுக்குக் குறுக்கே வருகிற நீளம் ஒரு பாகம். டச்சுக்காரனின் வாடெமும் அதே கை விரிப்பில் பிறந்த சொல்தான். ஆம்ஸ்டர்டாம் கணக்கில் ஆறு அடி, சுமார் 1.7 மீட்டர். ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு ஊர் மாலுமிகள் ஒரே மாதிரி கயிற்றை இழுத்து, ஒரே அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இது எனக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. பெரியப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. "பின்ன வேற எப்புடி அளப்பான்?" என்றார்.

ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பை அடைத்து இறக்குவார்கள். மேலே வரும்போது அந்தக் கொழுப்பில் அடித்தரை ஒட்டிக்கொண்டு வரும்: சேறா, மணலா, சிப்பித் தூளா என்று தெரிந்துவிடும். எதுவும் ஒட்டாமல் கொழுப்பு நசுங்கி வந்தால் கீழே பாறை. நங்கூரம் பிடிக்குமா, வழுக்குமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். படத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஈரக் கயிற்றை இழுத்த ஒருவன் இருந்திருக்கிறான். அவன் பெயர் எங்கேயும் இல்லை.

ஆனால் படத்தைச் செய்தவர்கள் பெயர் நன்றாகவே தெரியும். அங்கிருந்து தொடங்குகிறேன்.

டச்சுக்காரர்கள் கடல் படத்தில் கெட்டிக்காரர்களானது கீழ்த்திசைக்கு வருவதற்கு முன்பே. எங்க்ஹௌசன் என்ற துறைமுக ஊர்க்காரர் லூகாஸ் யான்ஸோன் வாகனேர், தாமே கப்பல் வழிகாட்டியாக இருந்தவர், 1584இல் அச்சிட்ட கடல் படத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். ஐரோப்பாவின் மேற்குக் கரை முழுவதும் அதில் உண்டு. ஆழம், நங்கூரத் துறை, மறைந்த பாறை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி குறியீடுகள். ஆங்கில மாலுமிகள் அதன் பிறகு எந்தக் கடல் படப் புத்தகத்தையும் 'வாகனர்' என்றே அழைத்தார்கள் என்றால் அதன் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் இந்தியப் பெருங்கடல் அவர்களுக்கு மூடிய கதவு. அந்த வழியின் படங்கள் லிஸ்பனில், போர்த்துக்கீசியர் கையில். அதைத் திறந்தவர்களில் ஒருவர் யான் ஹௌஹன் வான் லின்ஸ்கோட்டன். கோவாவில் பேராயரின் எழுத்தராக வேலை பார்த்தவர். ஐந்தாறு வருடம் அங்கே இருந்து, பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, ஊர் திரும்பிப் புத்தகமாகப் போட்டார். கடல் வழிகளைச் சொல்லும் பகுதி 1595இலேயே வந்துவிட்டது. முழுப் பயண நூல் 1596இல். இன்னொருவர் பெட்ரஸ் பிளான்சியஸ், மத போதகர். பார்த்தொலொமியு லாஸோ என்ற போர்த்துக்கீசியரின் கடல் படங்களை 1592 வாக்கில் எப்படியோ வாங்கிவிட்டார். அந்தப் படங்களின் துணையோடுதான் 1595இல் கொர்னேலிஸ் டி ஹௌட்மனின் நான்கு கப்பல்கள் ஜாவாவுக்குக் கிளம்பின. போன 249 பேரில் திரும்பி வந்தவர்கள் 90க்கும் குறைவு. அப்படியும் ஆம்ஸ்டர்டாம் வணிகர்களுக்கு நம்பிக்கை வந்தது. வழி இருக்கிறது, போய்வர முடியும்.

போர்த்துக்கீசியரின் படங்களும் அவர்களாக வரைந்தவை மட்டுமல்ல. 1512இல் போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகர்க் தன் மன்னருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. ஜாவாக்கார வழிகாட்டி ஒருவரிடம் மிகப் பெரிய படம் ஒன்று இருந்ததாகவும், அதில் கிராம்புத் தீவுகள் முதல் சீனர்களின் கடல் வழிகள் வரை இருந்ததாகவும், இதைப் போல ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றும் சொல்கிறார். அந்தப் படம் மலாக்காவிலிருந்து திரும்பும் வழியில் கப்பலோடு மூழ்கிவிட்டது. அதற்கு முன் பிரான்சிஸ்கோ ரொட்ரிகெஸ் என்பவர் ஒரு பகுதியைப் பிரதி எடுத்திருந்தார். அந்தப் பிரதியைத்தான் மன்னருக்கு அனுப்பினார்கள். ஜாவாக்காரரிடமிருந்து போர்த்துக்கீசியருக்கு, அங்கிருந்து டச்சுக்காரருக்கு என்று அறிவு கை மாறியபோது, முதல் கையின் பெயர் விழுந்துவிட்டது.

1602 மார்ச் 20இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. மூலதனம் ஏறக்குறைய 64 லட்சம் கில்டர். ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹௌசன் ஆகிய ஆறு ஊர்களில் அதற்குக் கிளை. இந்த ஊர்ப் பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் யாழ்ப்பாணத்தில் திரும்ப வரும்.

கம்பெனிக்கென்று தனிப் படக்காரர் ஒருவர் வேண்டியிருந்தார். 1617இல் ஹெஸ்ஸல் ஹெரிட்ஸ் அமர்த்தப்பட்டார். 1632இல் அவர் இறந்ததும் வில்லம் பிளாவ், அவருக்குப் பின் மகன் யோவான் பிளாவ், அப்புறம் பேரன். 1705 முதல் 1743 வரை ஐசக் டி கிராஃப். கடைசியாக வான் கௌலன் குடும்பம். ஏறக்குறைய இருநூறு வருடம் ஆறேழு பேர் கையில் உலகின் பாதிக் கடல் இருந்தது என்று சொல்லலாம்.

அந்த வேலை நடந்த விதம் என்னை மிகவும் கவர்ந்த விஷயம். ஒவ்வொரு கப்பலுக்கும் கிளம்பும் முன் ஒரு தொகுதி படங்கள் கணக்கெழுதிக் கொடுக்கப்படும். கப்பலில் ஈரம், உப்பு, எலி எல்லாம் உண்டு, காகிதம் தாங்காது. ஆகவே பதப்படுத்திய கன்றுத் தோலில் கையால் எழுதிய படங்கள். பயணம் முடிந்து திரும்பியதும் அவற்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கூடவே மாலுமிகளின் நாட்குறிப்புகளும் படக்காரரின் மேசைக்குப் போகும். அவர் அவற்றை ஒப்பிட்டு, எது நம்பத் தகுந்தது என்று முடிவு செய்து, மூலப் படத்தைத் திருத்துவார். அடுத்த கப்பலுக்கு திருத்திய பிரதி போகும். படக்காரர் யாருக்கும் எதையும் காட்டமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருப்பார். கம்பெனி மாலுமிகளும் படத்தை வெளியே விற்கக் கூடாது.

தோல் படங்களை இன்று பெரிதாக்கிப் பார்த்தால் சில இடங்களில் ஊசி முனை அளவுக்குத் துளைகள் தெரியும். கவராயம் குத்திய இடங்கள். இன்று எங்கே இருக்கிறோம், நேற்றிலிருந்து எவ்வளவு வந்திருக்கிறோம் என்று மாலுமி அளந்த தடம் அது. கடல் முழுவதும் சிலந்தி வலை போல ஓடும் கோடுகளும் அலங்காரத்துக்கு இல்லை. திசைகாட்டி ரோஜாக்களிலிருந்து, அதாவது பூப்போல வரைந்த திசைச் சக்கரங்களிலிருந்து, கிளம்பும் 32 திசைக் கோடுகள் அவை. போக வேண்டிய இடத்துக்கு இணையாக எந்தக் கோடு ஓடுகிறதோ, அந்தத் திசையில் சுக்கானைப் பிடிக்க வேண்டும்.

சரி, இவ்வளவு இருந்தும் கப்பல்கள் ஏன் உடைந்தன? இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பது சூரியனின் உயரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கிழக்கு மேற்காக எங்கே என்பதற்கு அன்று வழியே இல்லை. கப்பலின் வேகத்தை உத்தேசமாகக் கணித்து, மணல் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி, நேரத்தால் பெருக்கிக் குறித்துக்கொண்டு போக வேண்டியதுதான். நீரோட்டம் கப்பலை அடியிலிருந்து தள்ளிக்கொண்டு போனால் அது கணக்கில் வராது. ஒரு நாள் பிழை சிறியது. நூறு நாள் பிழை சேர்ந்தால் ஒரு நாட்டின் அகலம்.

அட்லாண்டிக்கில் இதற்குக் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. படத்திலேயே இரண்டு கோடுகளைப் போட்டு, இதற்குள்தான் போக வேண்டும் என்று கட்டளை. அதற்குப் பெயர் 'வாகன்ஸ்போர்', நம் மொழியில் வண்டித்தடம். மேற்கே விலகினால் பிரேசில் கரையில் மாட்டிக்கொள்ளும். கிழக்கே விலகினால் கினி வளைகுடாவில் காற்றில்லாமல் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். தடமே இல்லாத தண்ணீரில் வண்டித்தடம் என்று பெயர் வைத்த மாலுமியை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

நன்னம்பிக்கை முனையைத் தாண்டியதும் பழைய வழி வடகிழக்கே, மடகாஸ்கர் பக்கமாக. வெயில், காற்றின்மை, நோய். 1611இல் கம்பெனியின் ஹென்றிக் ப்ரௌவர் வேறு மாதிரி செய்து பார்த்தார். முனையிலிருந்து நேராகக் கிழக்கே, தெற்குக் கடலின் பலமான மேலைக் காற்றைப் பிடித்துக்கொண்டு சுமார் 1000 டச்சு மைல் ஓடினார். ஒரு டச்சு மைல் இன்றைய 7.4 கிலோமீட்டர். அப்புறம் வடக்கே திரும்பி, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே உள்ள சுந்தா ஜலசந்தி. பயண நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சில வருடங்களில் இதையே கட்டாய வழியாக்கினார்கள்.

ஆனால் வடக்கே எப்போது திரும்புவது? அதுதான் கிழக்கு மேற்குக் கேள்வி. திரும்பத் தாமதித்தவர்கள் எதிரே ஒரு கரையைப் பார்த்தார்கள். 1616 அக்டோபரில் டிர்க் ஹார்டோக் இறங்கி, ஒரு வெள்ளீயத் தட்டில் தன் வருகையைப் பொறித்து நட்டுவிட்டுப் போன கரை, ஆஸ்திரேலியாவின் மேற்கு. 1627இல் ஹெஸ்ஸல் ஹெரிட்ஸ் அந்தக் கரையைத் தனிப் படமாகவே வரைந்துவிட்டார். கரைக்கு வெளியே இருந்த பவளப்பாறைக் கூட்டத்தையும் குறித்தார். ஹௌட்மனின் அப்ரோல்யோஸ் என்று பெயர்; கொர்னேலிஸின் தம்பி ஃபிரெடெரிக் ஹௌட்மனின் பெயரால் வந்தது. மறைந்து கிடக்கும் பாறைகளுக்குப் போர்த்துக்கீசியர் சொல்லும் சொல்லையே டச்சுக்காரரும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டே வருடத்தில், 1629 ஜூன் 4 விடிவதற்கு முன், 'பட்டாவியா' என்ற புத்தம் புதிய கப்பல் அதே பாறையில் ஏறியது. முன்னால் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று காவலில் நின்றவன் சொன்னான். நிலவொளி தண்ணீரில் படுகிறது என்று கப்பல் தலைவர் சொல்லிவிட்டார். அவருடைய கணக்குப்படி கரை இன்னும் வெகு தொலைவில். கப்பலில் இருந்தவர்கள் முந்நூறுக்கு மேல். தலைவரும் வணிகத் தலைவர் பெல்சார்ட்டும் உதவி தேடிச் சிறு படகில் ஜாவாவுக்குப் போன இடைவெளியில், பாறைத் தீவில் மிஞ்சியவர்களுக்குள் கலகம் மூண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

பாறை படத்தில் இருந்தது. தாங்கள் படத்தில் எங்கே இருக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தண்ணி தள்ளுறது மேல இருக்கவனுக்குத் தெரியாது" என்றார்.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். அதே ப்ரௌவர் 1612இல் ஒரு விஷயம் எழுதினார்: சோழமண்டலக் கரை மொலுக்காஸ் தீவுகளின் இடது கை, இந்தக் கரையின் துணி இல்லாவிட்டால் அங்கே வணிகம் செத்துப்போகும். கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் தீவுகளில் யாருக்கும் ஐரோப்பாவின் கம்பளி தேவைப்படவில்லை. அவர்கள் கேட்டது இங்கே நெய்து சாயமிட்ட பருத்தித் துணி. ஆகவே வெள்ளியும் தங்கமும் கொண்டுவந்து இங்கே துணி வாங்கி, அதைக் கொண்டுபோய் அங்கே வாசனைப் பொருள் வாங்கி, அதை ஐரோப்பாவில் விற்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த வெள்ளியும் இந்தச் சுற்றில் ஓடியது. ஒரு படத்தில் பழவேற்காட்டையும் இன்னொரு படத்தில் ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளையும் தனித்தனியாகப் பார்த்தால் இது புரியாது. இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

பழவேற்காட்டில் 1610இல் விஜயநகர அரசரிடம் அனுமதி வாங்கி, 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணிக் கிடங்கும் நாணயச் சாலையும் வெடிமருந்துச் சாலையும் அங்கே இருந்தன. உள்ளூரில் மலயா, சின்னண்ணா என்ற செட்டி சகோதரர்கள் கம்பெனிக்குத் துணி திரட்டிக் கொடுத்துப் பெரும் செல்வாக்கோடு இருந்தார்கள். நாகப்பட்டினத்தை 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1690இல் தலைமையிடமே பழவேற்காட்டிலிருந்து எங்கள் ஊருக்கு மாறியது. 1781இல் ஆங்கிலேயர் வரும்வரை அப்படித்தான்.

இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. வெளியே, ஆறேழு பாகத் தண்ணீரில் நிற்கும். அங்கிருந்து கரை வரை சரக்கை ஏற்றி இறக்கியது சலங்குகளும் மசூலாப் படகுகளும். மசூலாவில் ஆணியே கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. எத்தனை பெரிய கம்பெனியாக இருந்தாலும் கடைசி ஒரு மைலுக்கு எங்கள் ஆட்களின் துடுப்பை நம்பித்தான் இருந்தது. படத்தில் அந்தக் குட்டி நங்கூரத்துக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகுக்காரர்கள் நினைவுதான் வரும்.

அதே வழியில் மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் துணியையும் கிராம்பையும் மட்டும் சொல்வது பொய்க் கணக்கு. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடி, பஞ்சம் வந்தபோது, பசியில் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கானவர்களைக் கம்பெனி நாகப்பட்டினத்திலும் மற்றத் துறைகளிலும் விலைக்கு வாங்கி, பெரும்பாலும் இலங்கைக்கு அனுப்பியது. பாண்டாவில் நடந்தது இன்னும் கொடூரம். ஜாதிக்காய் வேறு யாருக்கும் போகக் கூடாது என்பதற்காக 1621இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸோன் கூன் அந்தத் தீவுகளைப் படையெடுத்துப் பிடித்தார். சுமார் 15,000 பேர் இருந்த இடத்தில் மிஞ்சியவர்கள் சுமார் ஆயிரம். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், கடத்தப்பட்டார்கள், தப்பி ஓடினார்கள். பாண்டாவின் டச்சுப் படங்கள் பார்க்க அத்தனை அழகு. எரிமலைத் தீவு, நங்கூரத் துறை, கோட்டைகள், ஆழ எண்கள். அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் தண்ணீரின் ஆழத்தில் மாற்றமில்லை. ஆகவே படத்தில் ஒன்றும் தெரியாது.

நாகப்பட்டினத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் பெரியப்பா விரலை வைத்து, "இது என்ன கோபுரம்? இந்த இடத்துல ஏது கோபுரம்?" என்று கேட்டார்.

ஊருக்கு வடக்கே இருந்தது அது. டச்சுக்காரர்கள் சீனக் கோயில் என்று எழுதினார்கள். ஊர் வழக்கில் புதுவெளிக் கோபுரம். உண்மையில் அது ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்தோடு தொடர்புள்ள செங்கல் கட்டடம், மூன்று அடுக்கு. எங்கள் கரை தட்டையான கரை. மலை கிடையாது, கடலிலிருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒரே பனைமர வரிசை. இப்படிப்பட்ட கரையில் உயரமாக ஒன்று நின்றால் கப்பல்காரனுக்கு அது உயிர். எண்ணூறு வருடத்துக்கு மேல், யார் யாருடைய கப்பலுக்கெல்லாமோ, அந்தக் கோபுரம் 'நாகப்பட்டினம் வந்துவிட்டது' என்று சொல்லியிருக்கிறது. 1867இல் அதை இடித்துவிட்டார்கள். அதே 1867இல்தான் ஹேக் நகரத்தில் லௌப என்ற ஆவணக் காப்பாளர் பழைய கம்பெனிப் படங்களுக்கு முதல் பட்டியலை வெளியிட்டார். இன்றும் அவருடைய வரிசை எண்ணைச் சொல்லித்தான் படம் கேட்க வேண்டும். கோபுரம் போன வருடத்தில் கோபுரத்தின் படத்துக்கு எண் கிடைத்தது. அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த 21 செப்பேடுகளும் அதற்கு ஐந்து வருடம் முன்பு லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்தில் இந்தப் படக்காரர்களின் கை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள்: நெடுந்தீவு டெல்ஃப்ட், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ராட்டர்டாம், எழுவைதீவு ஹோர்ன். கம்பெனியின் கிளை ஊர்களை அப்படியே எடுத்துத் தண்ணீரில் போட்ட மாதிரி. வேலணைக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம். இவற்றில் டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் நடுவே தண்ணீரில் நிற்கும் கோட்டைக்கு ஹம்மன்ஹீல் என்று பெயர். பன்றித்தொடையின் குதிகால் என்று அர்த்தம். இலங்கையைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அது ஒரு பன்றித்தொடை போலத் தெரிந்தது. அதன் குதிகாலில் கோட்டை. தரையில் நடந்துபோகும் யாருக்கும் அந்தப் பெயர் தோன்றியிருக்காது.

நண்பர்கள் சிலர் பழைய டச்சுக் கடல் படம் வாங்கலாமா என்று கேட்பதுண்டு. விற்பனைக்கு வருவது பெரும்பாலும் அச்சிட்டவை. கப்பலில் போன தோல் படங்கள் அநேகமாகக் காப்பகங்களில்தான். ஆசியக் கடல்களின் கம்பெனிப் படங்கள் முதன்முதலாகப் பெரிய அளவில் அச்சில் வந்ததே 1753இல், வான் கௌலன் வெளியிட்ட கடல் தீவட்டி என்ற தொகுதியின் ஆறாம் பாகத்தில். ஒன்றரை நூற்றாண்டு ரகசியம் அப்படி முடிந்தது. அச்சுப் படம் என்றால் செப்புத் தகடு அழுத்திய தடம் ஓரத்தில் தெரிய வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் பழைய கைத்தாளின் கோடுகள் தெரிய வேண்டும். திமிங்கிலமும் தேவதையும் வண்ணமும் நிறைந்த படங்கள் வீட்டு நூலகங்களில் வைப்பதற்காகச் செய்தவை. கப்பலுக்குப் போனது இதைவிட எளிமையானது, எனக்கு அதுதான் அழகு. லாரன்ஸ் வான் டர் ஹெம் என்ற ஆம்ஸ்டர்டாம் வழக்கறிஞர் பிளாவின் அட்லஸை வாங்கி, அதோடு கம்பெனியின் ரகசியப் படங்களின் பிரதிகளையும் சேர்த்துத் தனக்காக ஒரு மாபெரும் தொகுப்பைச் செய்துகொண்டார். இப்போது அது வியன்னாவில் இருக்கிறது. கம்பெனியின் கடிதங்களையும் கணக்குகளையும் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே டச்சு ஆவணங்கள் உண்டு. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஹேக், ஜகார்த்தா, கேப் டவுன், கொழும்பு ஆவணங்களோடு சென்னையின் ஆவணங்களும் சேர்ந்தன. நம் பிள்ளைகளில் பத்துப் பேராவது பழைய டச்சு மொழி படித்து அவற்றைத் திறக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பொழுது சாயும் வரை பெரியப்பா படத்தை விட்டு எழவில்லை. சித்திரம் பார்ப்பது போலப் பார்க்கவில்லை. கணக்கு நோட்டைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். "இது சரி… இதுவும் சரிதான்… இங்க இப்ப மண்ணு தூந்துட்டு." ஊருக்கு நேர் வெளியே ஒரு இடத்தில் விரல் நின்றது. அந்த இடத்தில் படத்தில் எண் ஏதுமில்லை.

"இங்க அவன் குண்டு போடல போலிருக்கே. பென்சில் இருக்கா தம்பி?"

எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, கயிறு இழுப்பது போல இரண்டு கையையும் காற்றில் ஒருமுறை விரித்தார். பிறகு குனிந்து, கை நடுங்க, அந்த வெற்றிடத்தில் ஆறு என்று போட்டு, பக்கத்தில் 'சேறு' என்று எழுதினார்.